துடுப்புப் படகும் சைக்கிளும்: குடும்பச் சுற்றுலாவில் நம் கடைகளுக்கு என்ன பங்கு?

திரேஸ்புரம் கடற்கரையை ஒட்டிக் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்குக் காற்றின் குணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கச்சான் காற்று ஓங்கி அடித்தால் நாட்டுப்படகுகள் கரையிலேயே கிடக்கும். படகு கிடந்தால் கல்லாவில் ரொக்கம் விழாது. பற்று நோட்டில் பக்கங்கள்தான் நிறையும். அரிசியும் பருப்பும் எண்ணெயும் கடனாகப் போகும். கடல் இறங்கிய பிறகு அந்தக் கடன் சிறுகச் சிறுக அடையும். பரம்பரை பரம்பரையாக நடந்து வரும் வியாபாரம் இது.

இதே கடைகளுக்குப் பள்ளி விடுமுறை நாட்களில் வேறொரு வகை வாடிக்கையாளரும் வருகிறார். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ மனைவி மக்களோடு ஊருக்கு வந்திருப்பார். தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்க போகலாம்?" என்று கேட்பார். நாமும் பனிமய மாதா கோயில், ரோச் பூங்கா, முயல் தீவு, திருச்செந்தூர் என்று நான்கு பெயர்களைச் சொல்லி அனுப்புவோம். அவர் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவார். மறுநாள் ரயில் ஏறிவிடுவார்.

இப்படி வரும் குடும்பத்தை இரண்டு நாள் நம் பகுதியிலேயே தங்க வைக்கும் ஒரு சுற்றுலா முறை வெளிநாடுகளில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஆற்றில் சிறு துடுப்புப் படகிலும், ஆற்றங்கரையில் சைக்கிளிலும், வழிகாட்டி ஒருவரின் துணையோடு குடும்பமாகச் செல்வதே அது. அது எப்படி நடக்கிறது, நம் தாமிரபரணிக் கரைக்குப் பொருந்துமா, பொருந்தினால் மளிகைக் கடைக்காரருக்கும் சிறு வணிகருக்கும் என்ன கிடைக்கும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். எதில் எச்சரிக்கை தேவை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இது என்ன வகைப் படகு?

'கயாக்' என்பது ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, இரு முனையிலும் மட்டை உள்ள துடுப்பினால் வலித்துச் செல்லும் ஒடுக்கமான சிறு படகு. வட துருவப் பகுதியில் வாழும் எஸ்கிமோ மக்கள் சட்டம் கட்டி, அதன் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி, வேட்டைக்காகச் செய்துகொண்டது. நம் கடற்கரையில் கட்டுமரம் எப்படியோ அவர்களுக்குக் கயாக் அப்படி. இன்று சுற்றுலாவுக்குப் பயன்படுவது கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்த்தது. அதில் இரு வகை உண்டு. உடம்பின் பாதி உள்ளே இருக்குமாறு உட்காருவது ஒன்று. பலகை மேல் அமர்வது போலத் திறந்த தட்டின் மேல் உட்காருவது மற்றொன்று. குடும்பங்களுக்கு ஏற்றது இரண்டாவது வகைதான். கவிழ்ந்தாலும் ஆள் உள்ளே சிக்கிக்கொள்ள மாட்டார்; படகும் முழுகாது. பெரியவர் ஒருவரும் சிறுவர் ஒருவரும் சேர்ந்து வலிக்கலாம். எஞ்சின் இல்லை, டீசல் செலவு இல்லை, சத்தமும் இல்லை.

பயண முறையும் எளியது. காலையில் ஆற்றின் மேல் பகுதியில் படகை இறக்குவார்கள். நீரோட்டத்தோடு சில கிலோமீட்டர் கீழே வருவார்கள். இறங்கும் துறையில் முன்கூட்டியே வேனில் கொண்டுவந்து வைத்த சைக்கிள்கள் காத்திருக்கும். அங்கிருந்து கரையோரமாகச் சைக்கிளில் ஊர்களைப் பார்த்துக்கொண்டு தங்குமிடம் சேர்வார்கள். படகுகள் வேனில் ஏறிப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். ஆட்கள் ஆற்றோடு இறங்குவதும் சாமான்கள் சாலை வழியாகச் செல்வதும்தான் இத்தொழிலின் அடிப்படை. யாரும் நீரோட்டத்தை எதிர்த்து வலிக்க வேண்டியதில்லை. மூட்டை சுமக்க வேண்டியதும் இல்லை.

வெளிநாட்டில் கண்ட பலன்

ஐரோப்பாவில் டான்யூப் நதிக்கரையில், ஜெர்மனி நாட்டின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கும் அதிகமான சைக்கிள் பாதை உள்ளது. எஞ்சின் படகுகள் வருவதற்கு முன்பு, குதிரைகள் கரையில் நடந்து சரக்குப் படகுகளைக் கயிற்றால் இழுத்துச் சென்ற பழைய பாதைதான் அது. பயனற்றுக் கிடந்த அந்தப் பாதையை 1980-களில் சைக்கிள் பாதையாகச் சீர் செய்தார்கள். சிறுவர்களோடு வரும் குடும்பங்கள் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதைக் கடக்கின்றன. விடுதிக்கு விடுதி பைகளை வேன் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பாலம் இல்லாத இடங்களில் சைக்கிளோடு ஆளை ஏற்றி அக்கரை சேர்க்கும் ஓடங்கள் ஓடுகின்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காரில் வருபவர் ஒரே பெருநகரில் சாமான் வாங்கிக்கொண்டு சிற்றூர்களைத் தாண்டிப் போய்விடுவார். சைக்கிளில் வருபவரால் அப்படி முடியாது. சில கிலோமீட்டருக்கு ஒருமுறை அவருக்குத் தண்ணீர் வேண்டும், பழம் வேண்டும், பிள்ளைக்குத் தின்பண்டம் வேண்டும், நிழல் வேண்டும். ஆகவே வேகம் குறையக் குறைய வழியில் உள்ள சிறு கடைக்கு வியாபாரம் கூடுகிறது. புறவழிச் சாலை வந்ததால் வாடிக்கை இழந்த நம் உறுப்பினர்களுக்கு இதன் மறுபக்கம் நன்றாகத் தெரிந்ததே.

நம் தமிழகத்தில்

இது நமக்கு முற்றிலும் புதிதல்ல. சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட சதுப்புக் காட்டில், சுற்றுலாப் பயணிகளைத் துடுப்புப் படகில் அழைத்துச் செல்வது பல்லாண்டுகளாக நடக்கிறது. 1975-இல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படத்தில் அந்தக் கால்வாய்களைக் கண்டவர்கள் நம்மில் பலர் இருப்பர். படகு வலிப்பவர்கள் அந்தப் பகுதி மக்கள். 2022-இல் பிச்சாவரம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்கு அருகிலுள்ள காரங்காடு. மீனவர்கள் வாழும் சிற்றூர் அது. அங்கே வனத்துறை, ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு சூழல் சுற்றுலாவை நடத்தி வருகிறது. சதுப்புக் காட்டைப் படகில் சுற்றிக் காட்டுகிறார்கள். விருப்பப்பட்டோர் கயாக்கில் தாமே வலித்தும் செல்லலாம். வருகிறவர்களுக்கு ஊர்ப் பெண்கள் மீன் சமைத்துப் பரிமாறுகிறார்கள். வருகிற பணத்தில் ஒரு பங்கு ஊரிலேயே தங்குவதுதான் அந்த ஏற்பாட்டின் சிறப்பு. தமிழக அரசு 2023-இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் சாகசச் சுற்றுலாவுக்கு இடம் தரப்பட்டுள்ளது. ஆகவே நம் பகுதியிலும் இத்தகைய முயற்சியோடு யாரேனும் வரக்கூடும். அவர்கள் வருவதற்கு முன்பே நாம் விவரம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கடலா, ஆறா?

தூத்துக்குடி என்றதும் எல்லோருக்கும் கடல்தான் நினைவுக்கு வரும். ஆனால் குடும்பச் சுற்றுலாவுக்குக் கடலைவிட ஆறே ஏற்றது என்பது நம் கருத்து. இதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, நமக்கு எதிரே உள்ள வான் தீவு, காசுவாரித் தீவு, காரியச்சல்லித் தீவு ஆகியவை 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியின்றி அவற்றில் இறங்கக் கூடாது. இரண்டாவது, காற்று திரும்பினால் பழக்கமில்லாதவரின் சிறு படகைக் கரையிலிருந்து விரைவில் தள்ளிக்கொண்டு போய்விடும். மூன்றாவது, கடலில் காற்று மிகுந்து மீனவருக்குத் தொழில் இல்லாத நாளில் இச்சிறு படகும் கடலில் ஓட முடியாது. அப்படியானால் கடலோரக் குடும்பங்களின் வறண்ட நாட்களுக்கு இது கைகொடுக்காது.

ஆற்றுக்கு வருவோம். பொதிகை மலையில் பிறந்து, தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி, புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணியின் கடைப்பகுதி முழுவதும் நம் மாவட்டத்தில் உள்ளது. ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் மருதூரும் திருவைகுண்டமும் கடைசி இரண்டு. திருவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே தேங்கி நிற்கும் நீர், துடுப்பு வலிக்கப் பழகுவோருக்கு ஏற்ற இடம். அணைக்கட்டைப் படகோடு தாண்ட முடியாது. தாண்ட முயல்வதும் ஆபத்து. எனவே ஆறு முழுவதும் ஒரே பயணம் என்பது நடவாது. துண்டு துண்டாகத்தான் அமைக்க வேண்டும். கீழே முக்காணி, ஆத்தூர் தாண்டிப் புன்னைக்காயல், பழையகாயல் பகுதியில் உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் கழிமுகமும் அலையாத்திக் காடும் உள்ளன. அங்கே கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். பறவைகள் ஏராளம்.

கரையிலோ பார்க்க வேண்டியவை குவிந்து கிடக்கின்றன. திருவைகுண்டம், நத்தம், பெருங்குளம், தொலைவில்லிமங்கலம் எனப்படும் இரட்டைத் திருப்பதி, தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி என்று நவதிருப்பதிகள் இரு கரையிலும் சில கிலோமீட்டர் இடைவெளிகளில் அமைந்துள்ளன. அலெக்சாண்டர் ரே என்பவர் நூறாண்டுகளுக்கு முன்பு அகழ்ந்த ஆதிச்சநல்லூரில், பள்ளத்தின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே காணும் ஏற்பாடு 2023-இல் செய்யப்பட்டது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, ஆறு கொண்டு சேர்த்த வண்டலால் இன்று கடலிலிருந்து உள்வாங்கிக் கிடக்கிறது. நிலம் சமதளம், கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும். இரு கரைக் கால்வாய்களின் ஓரத்திலும் குளத்துக் கரைகளிலும் வாழைத் தோப்புகளின் நடுவிலும் பாதைகள் உண்டு. திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதை தென்கரையை ஒட்டிச் செல்வதால் வருவோருக்கும் வசதி.

ஆற்றின் நிலையை மறைக்காமல் சொல்வோம்

இவ்வளவு சிறப்பு இருந்தும் ஆற்றின் இன்றைய நிலை பெருமைப்படும்படி இல்லை. திருவைகுண்டம் அணைப் பகுதியில் அமலைச் செடிகள் அடர்ந்து நீரை மூடுவது அடிக்கடி நடப்பது. அணையில் வண்டல் சேர்ந்துள்ளது. மேலே நகரக் கழிவுநீர் ஆற்றில் கலப்பது குறித்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குகள் சென்றுள்ளன. துறைகளில் பழைய துணிகளும் பிளாஸ்டிக் பைகளும் மிதக்கின்றன. கார் கண்ணாடிக்குள் இருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. நீர்மட்டத்தோடு உட்கார்ந்து வலிப்பவருக்கு மூக்கின் அருகே தெரியும். ஒருமுறை வந்த குடும்பம் மறுமுறை வராமல் போவதற்கு இது ஒன்றே போதும்.

காலமும் முக்கியம். கோடை விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில்தான் வெளியூர்க் குடும்பங்கள் வரும். அப்போதுதான் கீழாற்றில் நீர் மிகக் குறைவு. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றை நம்ப முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறப்போமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஏரல் பாலம் உடைந்தது. ஏரல், திருவைகுண்டம் கடைவீதிகளில் தண்ணீர் புகுந்து மூட்டை மூட்டையாகச் சரக்கு நாசமாயிற்று. ஆகவே பொங்கல் முதல் மார்ச் வரை முதல் பருவம். மேலணைகளில் கார் சாகுபடிக்கு நீர் திறந்திருக்கும்போது ஜூலை முதல் செப்டம்பர் வரை இரண்டாம் பருவம் என்று கொள்ளலாம். இந்த இரண்டாம் பருவம் கச்சான் காற்றுக் காலம். கடலோரத்தில் தொழில் நலிந்திருக்கும் அதே நாட்களில் ஆற்றில் நீர் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்று கரையிலும் உண்டு என்பதால், அந்தப் பருவத்தில் காலை வேளைகளையே பயன்படுத்த வேண்டும்.

ஒரு கணக்கு

வியாபாரி எதையும் கணக்குப் போட்டுத்தான் நம்புவார். நாமும் போட்டுப் பார்ப்போம். இது உத்தேசக் கணக்கே.

நால்வர் கொண்ட ஐந்து குடும்பங்கள் சனி, ஞாயிறு இரண்டு நாள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆட்கள் 20. இருவர் படகு 10. பழம், தின்பண்டம், குளிர்பானம், சில்லறைச் சாமான் வகையில் இரண்டு நாளும் சேர்த்து ஆளுக்கு 150 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். ஊர் திரும்பும்போது கருப்பட்டி, கடலை மிட்டாய், மக்ரூன் என்று குடும்பத்துக்கு 500 ரூபாய் வீதம் 2,500 ரூபாய். ஆக ஒரு பயணத்துக்கு 5,500 ரூபாய். இரு பருவத்திலுமாக ஆண்டுக்கு 16 பயணம் நடந்தால் 88,000 ரூபாய். இது விற்பனை, லாபம் அல்ல. வழியிலுள்ள ஏழெட்டுக் கடைகள் இதைப் பகிர்ந்துகொண்டால், கடை ஒன்றுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அளவே புதிய விற்பனை. இதை நம்பிக் கடன் வாங்கிக் கடையை விரிவாக்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 20 பேருக்கு முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒருவர், மீட்புக்கென்று தனிப்படகில் ஒருவர், வேனுக்கும் சைக்கிளுக்கும் ஒருவர் என்று நால்வர் வேண்டும். நாளுக்கு 800 ரூபாய் கூலி என்றால் இரண்டு நாளுக்கு 6,400 ரூபாய். 16 பயணத்துக்கு 1,02,400 ரூபாய். அந்த நால்வரும் நம் பகுதிக்காரர்களாக இருந்தால் இந்தப் பணத்தில் பெரும்பகுதி எங்கே வரும்? அரிசிக்கும் எண்ணெய்க்கும் நம் கடைக்குத்தான் வரும். கச்சான் காலத்துப் பற்று நோட்டு அடைவதும் இதனால்தான். வருகிற விருந்தாளிக்கு நேரே விற்பதைவிட, வழிகாட்டிக்குப் போகும் கூலியே நமக்குப் பெரிய வியாபாரம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

நேர்மாறாக, பெருநகர நிறுவனம் ஒன்று தன் ஆட்களையும், தன் சாப்பாட்டையும், தன் தண்ணீர் பாட்டில்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆற்றை மட்டும் பயன்படுத்திக்கொண்டு போனால் நமக்கு மிஞ்சுவது குப்பைதான். ஆகவே, "சுற்றுலா வந்தால் ஊர் வளரும்" என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் இல்லை. யார் வழிகாட்டுகிறார்கள், எங்கே சாமான் வாங்குகிறார்கள், எந்த ஊரில் நிறுத்துகிறார்கள் என்ற மூன்றையும் பொறுத்ததே நம் பங்கு.

வழிகாட்ட நம்மிடம் ஆள் இல்லையா? முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடைபெறவில்லை. சங்கு குளிப்பது இன்றும் உண்டு. மூச்சடக்கி மூழ்கிச் சங்கு எடுத்த குடும்பங்கள் திரேஸ்புரத்தில் இருக்கின்றன. நீரைப் பற்றி அவர்களுக்குக் கற்றுத்தர அதிகம் இல்லை. முதலுதவி, மீட்பு முறை, வெளியூராரிடம் பேசும் பழக்கம் ஆகிய பயிற்சிகள் மட்டும் தந்தால் போதும். 2023 வெள்ளத்தின்போது கிராமங்களில் சிக்கியோரை மீட்க மீனவர் படகுகளும் ஓடியதை நம் கண்ணால் கண்டோம். புன்னைக்காயல் மீனவரையும் திருவைகுண்டம் பகுதி இளைஞர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறு அவர்களுடையது.

உயிர்ப் பாதுகாப்பு

இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. 2017 பிப்ரவரியில் நம் மாவட்டத்து மணப்பாட்டில், மீன்பிடிப் படகில் உல்லாசமாகக் கடலுக்குச் சென்ற வெளியூர்க் குடும்பத்தினர் படகு கவிழ்ந்து மாண்ட துயரம் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய படகு அது. 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தில் வடோதரா ஏரியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய படகு கவிழ்ந்து 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தனர். பலருக்கு மிதவைச் சட்டை இல்லை; அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள்.

இந்த விபத்துகளில் திரும்பத் திரும்பக் காண்பவை இரண்டு: மிதவைச் சட்டை இல்லாதது, ஏற்றக்கூடாத எண்ணிக்கையை ஏற்றியது. சிறு துடுப்புப் படகில் இரண்டாவது தவறுக்கு இடமில்லை. இருவருக்கு மேல் உட்கார முடியாது. முதல் தவறு நடத்துபவரின் கையில் உள்ளது. மிதவைச் சட்டை ஆளின் எடைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். பெரியவர் சட்டையைச் சிறு பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் சட்டை மேலே நிற்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். படகில் சட்டை கிடந்தால் போதாது; கொக்கி மாட்டிய பிறகுதான் படகு கரையை விட்டு நகர வேண்டும். நீந்தத் தெரிந்தவருக்கும் விலக்கு இல்லை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் கூடுதல் நீர் திறக்கிறார்களா என்று நீர்வளத் துறையிடம் அன்றாடம் கேட்டறிய வேண்டும். சைக்கிளுக்குத் தலைக்கவசமும், கடைசியில் வரும் வழிகாட்டியிடம் பஞ்சர் ஒட்டும் சாமானும் கட்டாயம்.

ஒரே ஒரு விபத்து நடந்தாலும் அந்த ஊருக்குப் பல ஆண்டுகள் ஆள் வராது. பண நஷ்டத்தைவிட, நம் கடையில் மிட்டாய் வாங்கிப்போன பிள்ளை திரும்பாமல் போவது தாங்கக்கூடியதா?

நம் கடைகள் செய்யக்கூடியவை

முதலில் குப்பை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021-இல் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கியது. ஆனாலும் ஆற்றில் மிதக்கும் பைகளில் பல நம் கடைகளிலிருந்து போனவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 20 பேருக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர் குடிநீர் என்று கொண்டால் மூன்று பெரிய கேன்கள் போதும். அவரவர் பாட்டிலில் நிரப்பித் தந்து நியாயமான காசு வாங்கலாம். இல்லையென்றால் அறுபது காலி பாட்டில்கள் ஆற்றங்கரையில் கிடக்கும்.

இரண்டாவது, சரக்கு. வழிப்பயணத்துக்கு வெயிலில் உருகாத, கையில் ஒட்டாத, பசி தாங்கும் பண்டம் வேண்டும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயைவிட ஏற்றது எது? உடன்குடிக் கருப்பட்டி, ஆத்தூர் வெற்றிலை இரண்டும் 2023-இல் அந்தத் தகுதி பெற்றவை. தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெள்ளைக் கருவும் முந்திரியும் சீனியும் சேர்ந்தது. ஈரக்காற்றில் நமுத்துவிடும் என்பதால் இறுக மூடிய டப்பாவில் தர வேண்டும். இளநீரும், பருவத்தில் பதநீரும், நாட்டு வாழைப்பழமும் இருக்கவே இருக்கின்றன. பெருநகரில் கிடைக்கும் அதே சிப்ஸ் பொட்டலத்தை இங்கேயும் தொங்கவிடுவதால் யாரும் நம்மை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாவது, விலை. வெளியூரார் என்பதால் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. சட்டமும் அதுதான்; வியாபார தர்மமும் அதுதான்.

நான்காவது, கழிப்பறை. பெண்களும் குழந்தைகளும் வரும் பயணத்தில் வழிகாட்டி எந்த ஊரில் நிறுத்துவது என்பதை முடிவு செய்வது இதுவே. கடைக்குப் பின்னால் சுத்தமான கழிப்பறையும், முன்னால் நிழலில் ஒரு பெஞ்சும் வைத்திருப்பவரின் கடையில்தான் இருபது சைக்கிளும் நிற்கும்.

ஐந்தாவது, வாடகைச் சைக்கிள். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட தொழில், இரு சக்கர மோட்டார் வண்டிகள் வந்ததும் படுத்துவிட்டது. அந்தத் தொழில் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சைக்கிள்களைப் பராமரிக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைக்கக் கேட்கலாம்.

பங்கு கேட்டு வருவோரிடம் கேட்க வேண்டியவை

நாளை ஒருவர் வண்ணப் படங்களோடு கடைக்கு வந்து, "பங்கு போடுங்கள், முன்பணம் தாருங்கள்" என்று கேட்டால் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். முதலில் இவற்றைக் கேளுங்கள். மாவட்ட நிர்வாகம், நீர்வளத் துறை, சுற்றுலாத் துறை, கழிமுகப் பகுதியானால் வனத்துறை ஆகியவற்றின் அனுமதி எழுத்தில் உள்ளதா? பயணிகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் விபத்துக் காப்பீடு உள்ளதா? குழந்தைகள் அளவு உட்பட மிதவைச் சட்டை எத்தனை, எங்கே இருக்கிறது? வழிகாட்டிகள் யார், எந்த ஊர், என்ன பயிற்சி பெற்றவர்கள்? நீர் மிகுந்தாலோ காற்று மிகுந்தாலோ பயணத்தை நிறுத்தி, வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவாரா? இவற்றுக்குத் தாளில் பதில் இல்லாதவரிடம் நம் பணமும் இருக்கக் கூடாது. நம் பெயரும் இருக்கக் கூடாது.

தனித்தனியாகப் பேசுவதைவிடச் சங்கமாக நின்று பேசுவதில் பலன் அதிகம். நம் ஊர் இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்துவது, வழியிலுள்ள கடைகளில் சாமான் வாங்குவது, குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்வது ஆகிய மூன்றையும் நிபந்தனையாக வைக்கலாம். அமலைச் செடியை அகற்றவும் கழிவுநீரைத் தடுக்கவும் அரசிடம் மனு கொடுக்கலாம். சுற்றுலா வந்தாலும் வராவிட்டாலும் அது நம் குடிநீர் ஆறு; அந்த வேலை வீணாகாது.

திரேஸ்புரத்தில் படகு கரையில் கிடக்கும் நாளில், கடைக்கு முன் வந்து தயங்கி நின்று, "அண்ணாச்சி, எழுதிக்கிடுங்க" என்று சொல்பவரை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அவருடைய நீச்சலுக்கும் துணிவுக்கும் அந்த நாளிலும் ஒரு கூலி கிடைக்குமானால், அது அவர் வீட்டுக்கும் நல்லது. நம் கல்லாவுக்கும் நல்லது. இந்த நோக்கில் உறுப்பினர்கள் யாவரும் இதைச் சிந்தித்து, தங்கள் கருத்துகளை அடுத்த கூட்டத்தில் எடுத்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.